பெட்டியில் 340, கையில் 290

வில்வித்தை பத்திப் பேசின எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் வேற வேற மாதிரி அனுப்பியிருந்தீங்க. "ப்ரோ, 340 எஃப்பிஎஸ் காம்பவுண்ட் வில் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். பாதுகாப்பா? எத்தனை வருஷம் தாங்கும்?"

முதல்ல அந்த 340 எங்கிருந்து வருதுன்னு பார்ப்போம். விநாடிக்கு 340 அடி. ஐபிஓ அளவீடுன்னு சொல்வாங்க. 70 பவுண்ட் டிரா வெயிட், 30 அங்குல டிரா லெங்த், 350 கிரெய்ன் எடையுள்ள அம்பு. இந்த மூணும் சேர்ந்தாதான் அந்த எண் வரும். போன் விளம்பரத்துல வர்ற பெஞ்ச்மார்க் ஸ்கோர் மாதிரின்னு வச்சுக்கோங்க. 5 அடி 7 அங்குலம் உயரம் இருக்கிற ஒருத்தருக்கு டிரா லெங்த் 27 அங்குலம் பக்கம்தான் வரும். ஒரு அங்குலம் குறைஞ்சா தோராயமா 10 அடி வேகம் போயிடும். டிரா வெயிட்டையும் 60க்கு இறக்கினா, அதே வில் உங்க கையில 290 பக்கம் வந்து நிக்கும்.

இன்னொரு கணக்கும் இருக்கு. அம்பு குறைஞ்சபட்சம் எவ்வளவு எடை இருக்கணும்னு வில் தயாரிக்கிறவங்க ஒரு கோடு போட்டு வச்சிருக்காங்க. பொதுவா, ஒரு பவுண்ட் டிரா வெயிட்டுக்கு 5 கிரெய்ன். 70 பவுண்டுக்கு எவ்வளவு? 350. அதாவது பெட்டி மேல இருக்கிற வேகத்தை அளந்ததே அந்தக் கோட்டு மேல நின்னுதான். அதுக்குக் கீழ ஒரு கிரெய்ன்கூட இடம் இல்ல.

ஏன் இந்தக் கோடு? 350 கிரெய்ன்னா 23 கிராம்கூட இல்ல. ஆனா 340 அடி வேகத்துல போகும்போது அதுகிட்ட இருக்கிற ஆற்றல் சுமார் 120 ஜூல். ஒரு 25 கிலோ அரிசி மூட்டையை அரை மீட்டர் உயரத்துல இருந்து கீழ போட்டா எவ்வளவு அடி விழுமோ, அவ்வளவு. அம்பு இருந்தா இதுல பெரும்பங்கை அது எடுத்துக்கிட்டுப் போயிடும். அம்பு இல்லாம நாணை விட்டா? மொத்தமும் வில்லுக்குள்ளயேதான் போகணும். இதுக்குப் பேர் டிரை ஃபயர். லிம்ப் பிளக்கலாம், கேம் வளையலாம், கேபிள் அறுந்து முகத்துல அடிக்கலாம். ரொம்ப லேசான அம்பு போடுறது கிட்டத்தட்ட பாதி டிரை ஃபயர் மாதிரிதான். ஒவ்வொரு ஷாட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமா வில் அடி வாங்கும்.

அதே வில்லுல 420, 450 கிரெய்ன் அம்பு போட்டுப் பாருங்க. வேகம் குறையும், சத்தம் குறையும், கையில அதிர்வும் குறையும். வில் சேர்த்து வச்ச ஆற்றல்ல கூடுதல் பங்கு அம்புக்குப் போகுது, அதனாலதான். நாணும் லிம்பும் நிறைய நாள் வரணும்னா இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிஞ்சு கிடையாது.

அமெரிக்காவுல மிசௌரியைச் சேர்ந்த ஹாலெஸ் வில்பர் ஆலன் 1969-ல காப்புரிமை வாங்கின டிசைன்தான் இந்த வில்லோட மூலம். முழுசா இழுத்ததும் பாரம் குறைஞ்சுடும். 80 சதவீதம் லெட் ஆஃப்னா, 70 பவுண்ட் வில்லை 14 பவுண்டுலயே பிடிச்சு நிக்கலாம். சுகமாத்தான் இருக்கும். ஆனா வேகத்துக்காகச் செஞ்ச கேம்கள்ல அந்த சுகமான இடம் ரொம்பக் குறுகல். கை ஒரு துளி முன்னாடி போச்சுன்னா, வில் மொத்த பலத்தோட வெடுக்குன்னு இழுக்கும். தோள்பட்டை போறது அங்கதான்.

"குடு மச்சி, ஒரு தடவை இழுத்துப் பாக்குறேன்"னு கேக்குற நண்பன்கிட்டதான் எனக்குப் பெரிய பயம். அவனால இழுக்க முடியும். மெதுவா திரும்ப விடத் தெரியாது. பதறி ட்ரிகரைத் தொட்டா டிரை ஃபயர். இந்தச் சேதத்துக்கு பெரும்பாலும் வாரண்டியும் கிடைக்காது. சும்மா இழுத்துப் பாக்குறதா இருந்தாலும் டார்கெட் முன்னாடி நின்னு, அம்பு மாட்டித்தான் இழுக்கணும். இழுத்து முடிக்கிற வரைக்கும் விரல் ட்ரிகருக்குப் பின்னாடியே இருக்கணும். நடுவுல ரிலீஸ் ஆச்சுன்னா உங்க கையே உங்க மூக்குல குத்தும், காமெடி இல்ல.

சரி, அவ்வளவு வேகம் யாருக்குத்தான் வேணும்? தூரத்தைக் கண்ணால குத்துமதிப்பா அளந்து எய்யுறவங்களுக்கு உதவும், ஏன்னா வேகமான அம்பு தாழ்வா, நேரா போகும். வேர்ல்ட் ஆர்ச்சரி போட்டிகள்ல காம்பவுண்டுக்கு 50 மீட்டர்னு தூரம் முன்னாடியே தெரியும். டிரா வெயிட் 60 பவுண்டைத் தாண்டக்கூடாது. ஹாங்சோ ஆசிய விளையாட்டுல மூணு தங்கம் வாங்கின ஜோதி சுரேகாவும் அந்த வரம்புக்குள்ளதான் எய்யுறாங்க. அங்க ஜெயிக்க வைக்கிறது ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி எய்யுற கை.

அதனால என் பதில்: 340 வில்லை வாங்குங்க, ஆனா 50 பவுண்டுக்கு இறக்கி, கனமான அம்பு போட்டு ஆரம்பிங்க. அதுக்கு இறங்காத மாடலா இருந்தா விட்டுடுங்க.

வாங்கினதுக்கு அப்புறம் பழக்கத்துல வச்சுக்க வேண்டியது கொஞ்சம்தான். லிம்ப் மேல ஒரு பஞ்சை மெதுவா தேய்ச்சுப் பாருங்க. இழை எங்கயாவது சிக்கினா அங்க விரிசல் இருக்கலாம், எய்யாதீங்க. கார்பன் அம்பை எய்யுறதுக்கு முன்னாடி லேசா வளைச்சு, சுத்தி, காதுகிட்ட வச்சுக் கேளுங்க. சின்னதா 'டிக்'னு சத்தம் வந்தாலும் தூக்கிப் போடுங்க. வில்லுல வெடிச்ச கார்பன் சில்லு முன்கையில ஏறும். நாணுக்கு மெழுகு தடவுங்க, இழை பிரிஞ்சா மாத்துங்க. மே மாச வெயில்ல பூட்டின காருக்குள்ள வில்லை விட்டுட்டுப் போகாதீங்க. சூட்டுல நாண் நீளும், டியூனிங் மாறும். நாணைக் கழட்ட போ பிரஸ் வேணும். அது இல்லாம யூடியூப் பார்த்து வீட்டுல கழட்டாதீங்க.

பிரஸ் எப்படி வேலை செய்யுதுங்கிறதை அடுத்த எபிசோட்ல பாப்போம்.