வெளிதேசம் போன பிள்ளையும் கொள்ளிப் பயமும்



பிள்ளை அமெரிக்காவுக்குப் போனது பாவம் என்று அழ நாம் இங்கு வரவில்லை. பிழைக்கப் போனான், போகட்டும். இங்கிருக்கும் வயோதிகத் தாய் தகப்பன்மார் மனம் ஏன் இவ்வளவு வாடுகிறது என்பதே நமது கேள்வி.

பிரிவுத் துக்கம் இயற்கை. அதை எந்தத் தத்துவமும் ஆற்றாது. ஆனால் நாம் பழகும் வீடுகளில், "எனக்குக் கொள்ளி போட யார் வருவான்?" என்ற பேச்சே பெரிதாயிருக்கிறது. இந்தப் பயத்தை உண்டாக்கியது யார்? 'புத்' என்னும் நரகத்திலிருந்து தகப்பனைக் கரையேற்றுகிறவனானதால்தான் 'புத்திரன்' என்று மனுதர்மம் 9-வது அத்தியாயம் 138-வது சுலோகம் கூறுகிறது. பக்கத்துத் தெருவிலிருக்கும் மகள் தினம் கஞ்சி காய்ச்சி ஊற்றினாலும், டல்லாஸிலிருக்கும் மகனே கதி! புரோகிதரோ பரிகாரமென்று சீட்டெழுதுகிறார். மகன் பணம் அனுப்புகிறான். கிழவருக்கு வேண்டியது பேச ஓர் ஆள். வந்ததோ ஹோமப் புகை.

சர்க்கார் 2007-ம் வருஷம் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் செய்து, மாதம் 10,000 ரூபாய்க்கு மேற்படாத ஜீவனாம்சம் என்று வகுத்தது. நல்லதுதான். பேச்சுத் துணையை எந்தக் கோர்ட்டு வாங்கித் தரும்?

மகள் கொள்ளி வைத்தால் என்ன? உடலை வைத்தியக் கல்லூரிக்கு எழுதி வைத்தால் என்ன? மனைவியை இழந்த 65 வயதுக்காரரும் புருஷனை இழந்த 60 வயது அம்மாளும் ஒருவருக்கொருவர் துணையானால் யார் குடி கெடும்? ஊர் சிரிக்கும் என்பீர்கள். சிரிக்கிற ஊர் நடு இராத்திரி இருமலுக்கு வெந்நீர் வைக்குமா? அப்படி யாராவது துணிந்தால் சொல்லியனுப்புங்கள். மாலை வாங்கிக்கொண்டு நாமே வருகிறோம்.