எருக்கைப் பிடுங்காதீர்கள்

ரதசப்தமி வந்தால் ஏழு எருக்க இலை தேடி அலைகிறோம். மற்ற நாட்களில் காம்பவுண்டு ஓரம் தானாக முளைத்த எருக்கைக் களை என்று தோட்டக்காரரை விட்டுப் பிடுங்கச் சொல்கிறோம். டெல்லியோ மும்பையோ, எந்த ஊரிலும் இதே கதைதான்!

வெந்தய வரியன் என்னும் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி எருக்குக் குடும்பச் செடிகளில்தான் முட்டையிடும். இலையைத் தின்னும் புழு அதன் நச்சை உடலில் சேமித்துக்கொள்வதால் பறவைகள் தொடத் தயங்கும். தேன்சிட்டோ எருக்கம்பூவுக்கே வரும். பால் கண்ணில் படக்கூடாது. குழந்தைகள் எட்டாத மூலையில் இருக்கட்டும்.

ஃபிளாட்காரர்கள் தொட்டியில் தும்பை வளர்க்கலாம், சிவபூஜைக்கும் ஆயிற்று. கறிவேப்பிலையில் பச்சைப் புழு தெரிந்தால் மருந்தடிக்காதீர்கள். நாலு கொத்து போனால் போகட்டும். சில வாரத்தில் கறுப்புப் பட்டாம்பூச்சியாகப் பறக்கும்.