தரங்கம்பாடி வழியாக டென்மார்க்

(நம் சங்கக் கூட்டத்தில், ஆண்டுச் சுற்றுலா பற்றிய விவாதத்தின்போது பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த ஆண்டுச் சுற்றுலாவுக்கு மூன்று யோசனைகள் வந்திருப்பதாகச் செயலாளர் சொன்னார். ஒன்று ஈசிஆர் ரிசார்ட். இன்னொன்று ஏற்காடு. மூன்றாவது, நம் வாட்ஸ்அப் குழுவில் யாரோ சிரிப்புப் பொம்மையோடு போட்டது: "பேசாம எல்லாரும் ஐரோப்பா போயிடலாமே!" நான் அந்த மூன்றாவது யோசனையை வழிமொழிகிறேன். சிரிக்காதீர்கள். விசா வேண்டாம், காப்பீடு வேண்டாம், கம்பளி உடுப்பு வேண்டாம். ஒரு பஸ் போதும். தரங்கம்பாடிக்குப் போவோம்.

நம்மில் சிலர் பிள்ளைகள் டிக்கெட் போட்டுக் கொடுத்து வெளிநாடு பார்த்துவிட்டு வந்தவர்கள். அவர்களைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் முழங்கால் வலி, சர்க்கரை, பென்ஷன் என்று இருக்கிற மற்றவர்கள் பாரிஸ் கோபுரத்தையும் ரோம் நகரத்தையும் போனிலேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. டென்மார்க் என்கிற ஐரோப்பிய நாடு 225 வருடம் இங்கே குடியிருந்துவிட்டுப் போயிருக்கிறது. அது கட்டிய கோட்டையும் தெருவும் சர்ச்சும் இன்னும் நிற்கின்றன.

அவர்கள் வந்த கதையே ஒரு சினிமா. டென்மார்க் ராஜா நான்காம் கிறிஸ்டியன் 1616இல் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பித்தார். மிளகு வாங்கி விற்க வேண்டும், போர்ச்சுக்கீசியரும் டச்சுக்காரரும் சம்பாதிப்பதுபோல் தானும் சம்பாதிக்க வேண்டும். 1618இல் ஓவே கெத்தே என்கிற இளைஞர் தலைமையில் கப்பல்கள் கிளம்பின. இலங்கை வந்து சேர ஏறத்தாழ இரண்டு வருடம் ஆயிற்று. வழியிலேயே பாதிக்கு மேல் ஆட்கள் செத்துப்போனார்கள். கண்டி ராஜாவோடு செய்ய நினைத்த ஒப்பந்தமும் பலிக்கவில்லை. முன்னாலேயே வந்த இன்னொரு கப்பலைப் போர்ச்சுக்கீசியர் காரைக்கால் பக்கம் மூழ்கடித்துவிட்டார்கள். அதன் தலைவர் ரோலண்ட் கிராப்பே 13 பேரோடு தப்பித் தஞ்சாவூர் போய் ரகுநாத நாயக்கரைப் பார்த்தார். அந்தச் சந்திப்பில்தான் தரங்கம்பாடி முடிவாயிற்று. 1620 நவம்பரில் ஒப்பந்தம். ரகுநாத நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றைக்கும் கோபன்ஹேகனில் அந்த நாட்டு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

அதே கிறிஸ்டியன் ராஜாதான் கோபன்ஹேகனில் பழைய பங்குச்சந்தைக் கட்டடத்தையும் கட்டினார். நான்கு டிராகன் வால்களை முறுக்கினாற்போல் கோபுரம் வைத்த கட்டடம். நம் டேன்ஸ்போர்க் கோட்டை கட்டிய அதே காலத்தில் கட்டியது. 2024 ஏப்ரலில் அது தீப்பிடித்துக் கோபுரம் சரிந்து விழுந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். தரங்கம்பாடியில் இருக்கிற அதன் தம்பி இன்னும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

இப்போது ஊருக்குள் போவோம். நகர வாசல் என்று ஒரு வெள்ளை வளைவு, 1792இல் கட்டியது. உள்ளே நுழைந்தால் நேராகக் கடல் வரைக்கும் ஒரு தெரு. அதன் பெயர் ராஜ வீதி. நம் ஊரிலும் ராஜ வீதிகள் இருக்கின்றன; இங்கே நாம் சாமி தேருக்காக ஒதுங்கி நிற்போம், அங்கே ராஜா என்றால் டென்மார்க் ராஜா. தெருவில் 1701இல் கட்டிய சீயோன் தேவாலயம், 1718இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம், கவர்னர் பங்களா. தெரு முடிகிற இடத்தில் கோட்டை. கீழ்த்தளத்தில் கிடங்கும் சமையலறையும் சிறைச்சாலையும், மேல்தளத்தில் அதிகாரிகள் இருந்த அறைகள். உள்ளே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய பீங்கான், நாணயம், ஆவணம் எல்லாம் வைத்திருக்கிறார்கள். டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டைகளில் குரோன்போர்க்குக்கு அடுத்தபடி பெரியது இதுதான் என்பார்கள். குரோன்போர்க் என்றால், ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகம் நடக்கிற கோட்டை. பி.ஏ. ஆங்கிலம் படித்தவர்களுக்குத் தெரியும். நான் பி.காம்.

பி.காம். என்பதால் எனக்குப் பிடித்தது நாணயம்தான். அங்கே அவர்கள் தனியாகக் காசு அடித்தார்கள். 1 ரூபாய்க்கு 8 ஃபானோ, 1 ஃபானோவுக்கு 80 காஸ். ஃபானோ என்பது நம் பணம், காஸ் என்பது நம் காசு. கப்பல் ஏறி வந்த வெள்ளைக்காரன் ராஜாவின் முத்திரையைப் போட்டான், ஆனால் பெயரை நம்மிடமே கடன் வாங்கினான். 640 காசுக்கு ஒரு ரூபாய் என்று மனக்கணக்குப் போட்ட அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது.

வியாபாரம் ஒன்றும் அவர்களுக்குப் பெரிதாகக் கைகூடவில்லை. 1640களுக்குப் பிறகு 1669 வரைக்கும் ஊரிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. யுத்தம், கடன், கம்பெனி நொடிப்பு. கோட்டையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்தும் ஓடியும் போனார்கள். கடைசியில் எஸ்கில்ட் ஆண்டர்சன் என்று ஒருவர், எழுதப் படிக்கத் தெரியாத சாதாரண ஆள், உள்ளூர்க்காரர்களின் உதவியோடு கோட்டையைக் காத்தார். வங்கக் கடலில் போகிற கப்பல்களைப் பிடித்து, சரக்கை விற்று, அந்தக் காசில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். கொள்ளைதான், மறுக்கவில்லை. ஆனாலும் 1669இல் ஊர்க்கப்பல் கண்ணில் பட்டபோது அந்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும்! கோட்டை மாடியில் நின்று கடலைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். சும்மா செல்ஃபி எடுத்துவிட்டு இறங்கிவிடாதீர்கள்.

"வெள்ளைக்காரன் கட்டினதைப் போய் எதுக்கு சார் பார்க்கணும்?" என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அவர்களும் உத்தமர்கள் இல்லை. பஞ்ச காலத்தில் நம் ஏழை ஜனங்களை அடிமைகளாக இந்தத் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏற்றி விற்றிருக்கிறார்கள். அதையும் தெரிந்துகொண்டுதான் பார்க்க வேண்டும். ஆனால் தமிழ் அச்சு வரலாற்றில் பாதி அங்கேதான் இருக்கிறது. 1706 ஜூலை 9ஆம் தேதி டென்மார்க் ராஜா அனுப்பிய இரண்டு பாதிரிமார்கள் வந்து இறங்கினார்கள். சீகன்பால்கு, புளூட்சோ. இரண்டு பேருமே ஜெர்மானியர்கள். சீகன்பால்கு நம் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதித் தமிழ் கற்றார். கம்பெனி அதிகாரிக்கு இவரைப் பிடிக்காமல், அதே கோட்டையில் நாலு மாதம் அடைத்தும் வைத்தார். வெளியே வந்தவர் அச்சுக்கூடம் அமைத்தார். தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்தன. எழுத்து பெரிதாக இருந்ததால் காகிதம் போதவில்லை. லண்டனிலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈயத்தை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்தார்கள் என்று சொல்வார்கள். புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. அவர் 1719இல், 36 வயதில் இறந்தார். தான் கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்திலேயே அடக்கம் ஆகியிருக்கிறார்.

1845இல் டென்மார்க் அரசு தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த சீராம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயக் கம்பெனிக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றது. அந்தத் தொகையில் இன்றைக்கு நம் ஊரில் ஒரு கார் பார்க்கிங் இடம் வாங்கலாம். கொஞ்ச நாள் தஞ்சை மாவட்டத் தலைநகராகவும் அது இருந்தது. பிறகு கலெக்டர் ஆபீஸ் போயிற்று, ரயில் நாகப்பட்டினத்துக்குப் போயிற்று, வியாபாரமும் கூடவே போயிற்று. ஊர் அப்படியே தூங்கிவிட்டது. தூங்கியதால்தான் பிழைத்தது. யாரும் இடித்துக் கட்ட வரவில்லை.

2004 சுனாமி அந்தக் கரையையும் விடவில்லை. எத்தனையோ மீனவர் குடும்பங்கள் அழிந்தன. அதற்குப் பிறகு இன்டாக் அமைப்பும் டென்மார்க் நாட்டு அறக்கட்டளை ஒன்றும் சேர்ந்து தட்டார் தெருவில் திண்ணை வைத்த பழைய தமிழ் வீடுகளைச் செப்பனிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சுண்ணாம்புப் பூச்சு, நாட்டு ஓடு, மரத்தூண், எல்லாம் பழைய முறையில். கவர்னர் பங்களாவையும் புதுப்பித்திருக்கிறார்கள். நான் உங்களைக் கூட்டிக்கொண்டு போக ஆசைப்படுகிற இடம் கோட்டையைவிட இந்தத் தெருதான். காரணம் சொல்கிறேன். நம் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறி இருக்கிற வீடுகள், முன்னால் திண்ணை, நடுவில் பாவு நீட்ட இடம் விட்ட வீடுகள் எத்தனை மிச்சம் இருக்கின்றன? ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. நம் குடியிருப்பும் ஏதோ ஒரு காலி மைதானத்தில் முளைத்தது இல்லை. கைலாசநாதர் கோயிலைப் பார்க்க வெளிநாட்டுக்காரர் வருகிறார். அது கல், ஆயிரத்து முந்நூறு வருடமாக நிற்கிறது. நெசவாளி வீடு மண்ணும் மரமும். ஒரு ஆடி மழை, ஒரு பில்டர், போதும். இருக்கிறதைச் செப்பனிட்டு அதிலேயே குடியிருக்கவும் முடியும் என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். பழைய வீடு இன்னும் கையில் இருக்கிற நாலைந்து குடும்பங்கள் இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. அவர்களுக்கு முன் வரிசை சீட் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடற்கரையில் மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் கட்டியது. டென்மார்க்காரர் வருவதற்கு முந்நூறு வருடம் முன்பே அது அங்கே இருந்தது. முன்பக்கத்தைக் கடல் தின்றுவிட்டது. மிச்சத்தைக் காப்பாற்றப் பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள். தரங்கம் என்றால் அலை. அலை பாடுகிற ஊர் என்று பெயர், ஆனால் அந்தக் கோயில் பக்கம் நின்றால் பாட்டு மாதிரி இருக்காது. அந்தக் கடற்கரையில் ஓசோன் காற்று உடம்புக்கு நல்லது என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வாருங்கள். ஓசோன் நுரையீரலுக்கு நல்லதில்லை. சாதாரண கடல் காற்றே நமக்குப் போதும்.

இனி ஏற்பாடு. வந்தவாசி, திண்டிவனம், புதுச்சேரி, சிதம்பரம், சீர்காழி வழியாக ஏறத்தாழ 230, 240 கிலோமீட்டர். பஸ்ஸில் ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் போய் வருவது நம் வயசுக்கு ஆகாது. பக்கத்திலேயே திருக்கடையூர். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணத்துக்கு ஜனம் வருகிற ஊர் என்பதால் தங்க அறைகளுக்குக் குறைவில்லை. இந்த ஆண்டு அறுபது முடிகிற தம்பதிகள் நம் குடியிருப்பிலேயே இருந்தால், அபிராமி சன்னதியில் அதையும் சேர்த்து முடித்துவிடலாம். சங்கத்துக்கு ஒரு வேளை சாப்பாட்டுச் செலவு மிச்சம். கோட்டையில் நிழல் குறைவு. குடை, தண்ணீர், தொப்பி அவசியம். வாராந்திர விடுமுறை எந்தக் கிழமை என்று விசாரித்துவிட்டுத் தேதி வைக்க வேண்டும். ராஜ வீதி சமதரை, நடக்க முடியாதவர்களுக்கு நாற்காலி வண்டி ஒன்றை இங்கிருந்தே பஸ்ஸில் ஏற்றிக்கொள்ளலாம். கோட்டை மாடிப்படி மட்டும் அவரவர் முழங்காலைக் கேட்டுக்கொண்டு ஏற வேண்டியது.

ஏற்காட்டுக்காரர்களும் ரிசார்ட்காரர்களும் தங்கள் கணக்கைச் சொல்லட்டும். என் கணக்கைத் தனித்தாளில் எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன்: பஸ் வாடகை, ஒரு இரவு அறை, நாலு வேளை சாப்பாடு, நுழைவுச் சீட்டு. 40 பேர் சேர்ந்தால் கட்டுபடியாகும். பெயர் கொடுப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள்.