ஆடுபுலி ஆட்டமும் மென்பொருட் கல்வியும்
(செவ்வாய்ப்பேட்டையில் தமிழிளைஞர் முன் ஆற்றப்பெற்ற உரை)



வெள்ளிக் கொலுசுக்குப் பெயர்பெற்ற ஊர் இது. உருக்குவோர், கம்பி இழுப்போர், கண்ணி கோப்போர், பற்றவைப்போர், மெருகிடுவோர் எனப் பலர் கைமாறியே ஒரு கொலுசு கடைக்கு வருகிறது. பற்றவைப்பில் நேர்ந்த பிழையை அங்கேயே கண்டால் நீக்குதல் எளிது. மெருகிட்டு விற்றபின் கண்டால் உழைப்பும் பாழ், நம்பிக்கையும் பாழ். மென்பொருளின் நிலையும் இஃதே. அதனாலன்றோ, 1968ஆம் ஆண்டு செருமனியின் கார்மிசு நகரில் கூடிய வல்லுநர்கள், மென்பொருளாக்கத்தைப் பொறியியலாகவே கொள்ள வேண்டும் என வலியுறுத்தினர்!

அத்தகு பொறியியல் நம் கல்லூரிகள் பலவற்றில் எங்ஙனம் கற்கப்படுகிறது? ஆங்கில வரையறைகளாக நெட்டுருச் செய்யப்பட்டுத் தேர்வுத்தாளில் கொட்டப்படுகிறது. நீந்தும் முறையை ஏட்டில் படித்தவர் ஆற்றைக் கடப்பாரா?

இக்குறையை உணர்ந்த அறிஞர் சிலர் விளையாட்டை நாடினர். இங்கிலாந்தின் செபீல்டு பல்கலைக்கழகத்தில் ஓசே மிகேல் ரோகாசும் கோர்டன் பிரேசரும் 2016ஆம் ஆண்டில் ஓர் இணைய விளையாட்டை வெளிப்படுத்தினர். ‘கோட் டிபெண்டர்சு’ என்பது அதன் பெயர்; நிரல் காப்போர் என்பது பொருள். அதில் ஒரு சாரார் தாக்குவோர். நல்ல நிரலில், ‘பெரியது’ என்னும் குறியைச் ‘சிறியது’ என மாற்றுவது போன்ற சிறு பிழைகளைப் புகுத்துவர். மறுசாரார் காப்போர், அப்பிழைகளைக் காட்டிக்கொடுக்கும் ஆய்வு நிரல்களை எழுதுவர். தப்பிய பிழை தாக்குவோர்க்குப் புள்ளி தரும். பிடிபட்ட பிழை காப்போர்க்குப் புள்ளி தரும்.

இது தமிழர்க்குப் புதிதா? 3 புலியும் 15 ஆடும் வைத்துத் திண்ணையில் ஆடிய ஆட்டமன்றோ! ஆட்டின் பின்னே வெற்றிடம் விட்டால் புலி தாவும். ஆய்வில் இடைவெளி விட்டால் பிழை தப்பும். ‘ஆய்ந்தோம், பிழையில்லை’ என்பது போதாது. பிழை இருந்திருந்தால் அவ்வாய்வு பிடித்திருக்குமா என்பதே வினா. பத்துப் பக்கம் உருப்போட்டும் பதியாத இவ்வுண்மை, ஒருமுறை தோற்றவர்க்கு மறவாது.

அமெரிக்காவின் இர்வைனில் எமிலி நவரோவும் ஆந்திரே வான் டெர் ஊக்கும் உருவாக்கிய ‘சிம்எசுஇ’ மற்றொன்று. ஆடுவோர் ஒரு பணித்திட்டத்தின் தலைவராகி, ஆளமர்த்திக் காலத்தையும் பணத்தையும் ஆள வேண்டும். காலந்தாழ்ந்த மென்பொருட் பணியில் ஆள்களைச் சேர்த்தால் மேலும் தாழும் என்று 1975இல் பிரெடரிக் புரூக்சு எழுதினார். கொலுசுப் பட்டறையார்க்கு இதை விளக்கவும் வேண்டுமோ? திருவிழா நெருக்கத்தில் புதியவரைச் சேர்த்தால், அவர்க்குக் கற்பிக்கத் தேர்ந்தவரும் கைவேலையைக் கீழே வைக்க நேரும்.

விளையாட்டு மட்டும் போதும் என்பதன்று. ஆட்டம் முடிந்தபின் ‘ஏன் தோற்றாய்?’ என்று கேட்கும் ஆசிரியர் வேண்டும். அக்கேள்வியும் விடையும் மாணவரின் தாய்மொழியில் நிகழ்ந்தாலன்றோ அறிவு ஆழச் செல்லும்? தமிழால் நிரல் எழுத முடியாது என்போர்க்கு, முத்து அண்ணாமலை 2009இல் அறிவித்த ‘எழில்’ என்னும் நிரல்மொழி விடை கூறிவிட்டது.

இளைஞர்களே! கொலுசுப் பட்டறையையே களமாகக் கொண்டு, தமிழ்ச் சொற்களாலேயே ஒரு விளையாட்டை ஆக்குங்கள். உருக்குமிடத்திலிருந்து மெருகிடும் இடம்வரை பிழை எங்கே நுழைகிறது, எங்கே பிடிபடுகிறது என்பதே ஆட்டமாகட்டும். ஆடுபுலி ஆட்டம் கண்ட இனத்தார்க்கு இஃது அரிய செயலன்று. தொடங்குதலே இன்று வேண்டுவது.