கைதும் பதிவும்



நூற்றாண்டு விழாவில் பொலிஸ் நிலையத்தைப் பற்றியா பேச்சு என்று சிலர் நினைக்கலாம். மகனையும் தம்பியையும் தேடிப் பொலிஸ் வாசலில் நின்ற பெண்கள் இந்த ஊரில் குறைவில்லை. சட்டத்தைச் சட்டத்தரணிகள் விரிவாகச் சொல்வார்கள். வைத்தியர்களாகிய நாங்கள் எங்கள் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறோம்.

முதலில், கைது என்பது தண்டனை அல்ல. காரணம் கூறாமல் கைது செய்யக்கூடாது என்கிறது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒருவர் சுற்றவாளி என்பதும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் பொலிஸ் ஒருவரைக் கூட்டிப்போன செய்தி ஒரு மணித்தியாலத்தில் ஊரைச் சுற்றிவரும். வழக்குத் தள்ளுபடியான செய்தி அடுத்த வீட்டுக்கும் போகாது. கலியாணப் பேச்சில் வந்து நிற்பது முதற் செய்திதான்.

சாதாரண சட்டத்தின்கீழ் கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் என்றால் 72 மணித்தியாலம், அல்லது தடுப்புக்காவல் உத்தரவு. அப்படிக் கைதானவரைப் பற்றி 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். இந்தக் கணக்கெல்லாம் எத்தனை மணிக்கு, எங்கே, யார் கைது செய்தார் என்ற பதிவிலிருந்துதான் தொடங்கும். பதிவு இல்லையென்றால் மணிக்கூடே ஓடாது.

நம் துறைமுகத்திலேயே அப்படி நடந்திருக்கிறது. 2008, 2009இல் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் 11 பேர் கடத்தப்பட்ட வழக்கில், கடத்தப்பட்டவர்கள் இங்குள்ள கடற்படைத் தளத்தில் ‘கன்சைட்’ என்ற இடத்தில் வைக்கப்பட்டிருந்ததாகக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தது. 2015 நவம்பரில் ஐ.நா. செயற்குழுவினர் அந்த இடத்தை வந்து பார்த்தார்கள்.

இனி எங்கள் வேலை. காவலில் உள்ளவரை வைத்தியசாலைக்குக் கொண்டுவரும்போது பொலிஸார் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவம் ஒன்று தருவார்கள். காயம் எங்கே, என்ன வகை, எவ்வளவு நீளம் என்று அதில் எழுதுவோம். எப்படி ஏற்பட்டது என்று அவர் சொல்வதையும் எழுதுவோம். பயத்தில் “விழுந்திட்டன்” என்று சொன்னால் அதுவும் அப்படியே பதிவாகும். பொலிஸ்காரர் பக்கத்தில் நின்றால் தனியாகப் பேச வேண்டும் என்று வைத்தியரிடம் கேட்கலாம். கண்டல் காயம் சில நாட்களில் நிறம் மாறி மறைந்துவிடும். பிணை கிடைக்கட்டும், பிறகு பார்ப்போம் என்று இருந்தால் எழுத ஒன்றும் இருக்காது. நீதவான் முன் நிறுத்தும்போதே சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பும்படி சட்டத்தரணி மூலம் கேளுங்கள்.

அந்த எழுத்தால் எவ்வளவு முடியும், எவ்வளவு முடியாது என்பதை நம் கடற்கரையே காட்டியது. 2006 ஜனவரி 2ஆம் திகதி காந்தி சிலையருகே ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த குண்டு வெடித்தது என்று முதலில் சொல்லப்பட்டது. பிரேத பரிசோதனையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரியவந்தன. குண்டுக் கதை விழுந்தது. உடல்களைப் படமெடுத்த ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அதே மாதம் 24ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். சாட்சி சொல்லக்கூடியவர்கள் நாட்டைவிட்டே போனார்கள். 2019 யூலை 3ஆம் திகதி, போதிய சான்று இல்லையென்று 13 சந்தேகநபர்களையும் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. எதனால் இறந்தார்கள் என்று வைத்திய அறிக்கை சொல்லும். யார் சுட்டது என்று சொல்ல உயிரோடு ஒரு ஆள் வேண்டும். சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம் இந்த நாட்டுக்கு 2015இல்தான் வந்தது.

வீட்டில் ஒருவர் கைதானால் அழுகைக்கு நடுவிலும் நேரத்தைக் கலண்டரிலாவது குறித்துவையுங்கள். வந்தவரின் பெயர், பதவி, எந்த நிலையம், வாகன இலக்கம் எல்லாம் கேளுங்கள். நீரிழிவோ வலிப்போ உள்ளவர் என்றால் மருந்தையும் கிளினிக் கொப்பியையும் நிலையத்தில் கொடுங்கள். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் கொழும்பு உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் நம் நகரிலேயே இருக்கிறது. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.