காமன் கம்ப்ளைன்ட் சார்!



வாஷிங் மெஷின் நின்றுவிட்டது. கம்பெனி மெக்கானிக் வருகிறார். மூடியைக் கழற்றும் முன்பே சொல்கிறார்: "இந்த மாடல்ல இது காமன் கம்ப்ளைன்ட் சார், போர்டு மாத்தணும்." பில்லைப் பார்க்கிறார். "வாரண்டி முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சே!" இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். நாமும் பர்ஸை எடுக்கிறோம். ஏன் எடுக்க வேண்டும்?

தேய்மானத்துக்குக் கம்பெனியைப் பிடிக்கச் சொல்லவில்லை. ஐந்து வருஷம் அரைத்த மிக்ஸியில் பிளேடு மழுங்கினால் அது நம் செலவு. தயாரிக்கும்போதே இருந்த கோளாறு, அதுவும் கம்பெனிக்குத் தெரிந்த கோளாறு என்றால், அதற்கு வாரண்டித் தேதி என்ன கணக்கு?

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் ஓடும்போதே இக்னிஷன் ஸ்விட்ச் நழுவி எஞ்சின் அணைந்தது, ஏர்பேக்கும் விரியவில்லை. 2006-இல் சத்தமில்லாமல் அந்தப் பாகத்தைத் திருத்தினார்கள். பார்ட் நம்பரை மட்டும் மாற்றவில்லை! என்ன கெட்டிக்காரத்தனம் பாருங்கள். கார்களைத் திரும்ப அழைத்தது 2014-இல்தான். 124 சாவுகளுக்கு இழப்பீட்டு நிதி பொறுப்பேற்றது.

மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 வீடியோ கேம் கருவி, சிவப்பு விளக்கு எரிந்து முடங்கியது. முதலில் மழுப்பினார்கள். 2007-இல் அந்தக் கோளாறுக்கு வாரண்டியை மூன்று ஆண்டாக நீட்டினார்கள். முன்பே காசு கொடுத்துப் பழுது பார்த்தவர்களுக்கும் பணம் திரும்பி வந்தது. நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கினார்கள். கம்பெனி ஒன்றும் மூழ்கிவிடவில்லை.

நம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தயாரிப்பாளர் பொறுப்புக்குத் தனி அத்தியாயமே உண்டு. மெஷின் தீப்பிடித்து வீட்டில் ஒருவருக்குக் காயம் என்றால் அதில் இழப்பீடு கேட்கலாம். மெஷினே போய்விட்டால்? பொருளுக்கே நேரும் சேதம் 'தீங்கு' ஆகாது என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். குறைபாடுள்ள பொருள் என்று தனியாகப் புகார் கொடுக்க வேண்டும். அதற்கு இரண்டு ஆண்டுக் கெடு. ஆகவே மெக்கானிக் வாயால் சொன்னதை ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள்.

ஆனால் அது ஒரு வீட்டுக் காகிதம்தான்; கோளாறு எல்லோருக்கும் பொது என்று காட்ட அது போதாது. எந்த மாடலில் எந்தப் போர்டு எத்தனை முறை மாற்றப்பட்டது என்ற முழுக் கணக்கும் கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதை ஆண்டுதோறும் அரசிடம் தாக்கல் செய்யவேண்டும் என்று சட்டத்தைத் திருத்தும்படி நம் நுகர்வோர் சங்கத்தின் சார்பில் கேட்கிறோம். மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.