கடன் கொடுத்தோம், வழி காட்டவில்லை



நம்ம புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கிற ஒரு அக்கா எங்கள் குழுவில் இருக்கிறார். மார்பில் கட்டி வந்ததை வெட்கப்பட்டு ஆறு மாதம் மறைத்துவிட்டார். தனியார் ஆஸ்பத்திரியில் காட்டியபோது, புற்றுநோய் எலும்புக்கும் பரவிவிட்டது என்றார்கள். உடனே குழுவில் 20,000 ரூபாய் உள்கடன் கொடுத்தோம். பெரிய உதவி செய்துவிட்டதாக நினைத்தோம். ஒரே மாதத்தில் பணம் கரைந்தது. நகையும் அடகுக்குப் போனது. தையல் நின்றது, தவணை நிற்கவில்லை.

அப்புறம்தான் விசாரித்தோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு தூத்துக்குடி கலெக்டர் ஆபீசுக்கு அக்காவைக் கூட்டிப்போய் அட்டை எடுத்தோம். இப்போது அரசு ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிறார்கள்.

ஆனால் பஸ் செலவு, சாப்பாடு, துணைக்குப் போகிறவரின் ஒருநாள் கூலி, இதெல்லாம் அட்டையில் வராது. நம்ம பணம் இதற்குத்தான் வேண்டும். தவணையைத் தள்ளிவைத்துத் தீர்மானம் போட்டோம். ஆளுக்கு 20 ரூபாய் வாரம் சேர்க்கிறோம். முறைபோட்டுத் துணைக்குப் போகிறோம்.

முழுசாகக் குணமாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் வலி குறைந்து, ராத்திரி தூங்குகிறார். பேத்திக்குத் தலை பின்னுகிறார். அதுவும் சிகிச்சைதானே!

சகோதரிகளே, உங்கள் குழுவில் எத்தனை பேரிடம் காப்பீட்டு அட்டை இருக்கிறது? அடுத்த கூட்டத்தில் கேட்டு நோட்டில் எழுதுங்கள். மார்பில் கட்டி தெரிந்தால் மறைக்காதீர்கள். நம்மிடமாவது சொல்லுங்கள்.